மாமனார் தைத்த ஆணி பூட்ஸ்

நைனா முகமது என்ற பெயரைக் கமர்ஜஹான் முதன்முதலில் கேட்டது ஒரு மையத்து வீட்டில்தான். 1950-ஆம் வருஷம், சேவுகம்பட்டியில். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இறந்துபோனவர் அவளுடைய தாய்மாமன். அவள் அம்மா காதர் பீவியின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உள் அறையில் பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து, அழுகை ஓய்ந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மனுசன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாயுறாரு, வத்தலகுண்டு பஸ்ஸு கெளம்பிப் போயிருச்சு. இந்த நைனா முகமது பய ஓடுனான் பாரு! பஸ்ஸ முந்திக்கிட்டுப் போயி, முன்னால நின்டு, கையக் காட்டி நிறுத்திப்புட்டான்ல."

"பஸ்ஸையா? பொய் சொல்லாதடி."

"அல்லா மேல ஆணை. டிரைவரே எறங்கி வந்து, 'ஏலே, நீ மனுசப் பயதானா'ன்னு கேட்டாராம்."

"ஓடி என்ன பண்ண? அந்தப் பஸ்ஸுலயே மவுத்தாயிட்டாரே."

கமர்ஜஹான் எட்டிப் பார்த்தாள். வாசல்படிக்கு அந்தப்பக்கம் தொப்பி போட்ட ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயசு இருக்கும். அவன்தான் நைனா முகமது. அவளுக்கு மாமன் மகன், முறைக்கு மச்சான்.

அந்த வருஷக் கடைசியிலேயே நைனாவின் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு பேகம்பூருக்குக் குடி வந்துவிட்டாள். சேவுகம்பட்டியில் வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லை. பேகம்பூரில் தோல் பதப்படுத்தும் சாப்புகள் வரிசையாக இருந்தன. சுண்ணாம்புத் தண்ணீரில் கால் வைக்கச் சம்மதித்தவனுக்கு அங்கே வேலை உண்டு. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் கழலும் பதத்தில் எடுத்து, மரத்தின் மேல் விரித்து, வளைந்த கத்தியால் வழிக்க வேண்டும். அதைத்தான் நைனா செய்தான். அங்கே இருபது வருஷம் நின்றவர்களின் பாதங்களை அவன் பார்த்தான். வெளுத்து, வெடித்து, வெடிப்புக்குள் புண் வைத்து, ஜும்மாவுக்குப் போகும்போது பள்ளிவாசல் படியேறச் சிரமப்படுகிற பாதங்கள். அவற்றைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் முதல் காரியமாகக் கிணற்றடிக்குப் போய்க் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான்.

கமர்ஜஹானின் அத்தா பீர் முகமது செருப்புத் தைப்பவர். சாதாரணத் தையல்காரர் இல்லை, கைராசிக்காரர் என்று ஊரில் பேர். அவர் தைத்த செருப்பு எட்டு வருஷம் உழைக்கும் என்பார்கள். உழைக்காவிட்டால் போட்டவன் நடை சரியில்லை என்று அவரே சொல்லிவிடுவார். தோலில் வைத்து வெட்டுவதற்கான அச்சுகளைப் பழைய காகிதத்தில் கத்தரிப்பார். அதற்காகச் சந்தையில் கழிவுக் காகிதக் கட்டு வாங்கி வருவார். 1955-இல் அப்படி வந்த ஒரு கட்டுக்குள்தான் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம். உள்ளே ஒரு வெள்ளைக்காரன் ஓடுகிற ஆறு படங்கள்: மண்டியிட்டு இருப்பது, இடுப்பைத் தூக்குவது, பாய்வது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக. அச்சுக் கத்தரிக்கும் கத்தரிக்கோலுக்குத் தப்ப வைத்து, கமர்ஜஹான் அதைக் கொல்லைச் சுவருக்கு மேலாக நைனாவிடம் நீட்டினாள்.

அந்தச் சுவருக்கு அப்பால் சாப்பின் களம். தோல் உலர்த்துகிற நீண்ட வெட்டவெளி. தோல் பதப்படுத்தி முடித்த ஆவாரம்பட்டைத் தூளை அங்கேதான் கொட்டிப் பரப்புவார்கள். வெள்ளிக்கிழமை சாப்பு கிடையாது. களம் காலியாக இருக்கும். கமர்ஜஹான் வயதுக்கு வந்துவிட்டதால் வெளியே போக முடியாது. நெஞ்சுயரச் சுவருக்கு இந்தப்பக்கம் முக்காட்டோடு நின்று பார்ப்பதை மட்டும், முறைப்பையன்தானே என்று, காதர் பீவி கண்டும் காணாமல் விட்டிருந்தாள்.

நைனாவுக்குத் தோழன் மரியசெல்வம். அதே சாப்பில் பட்டை இடிக்கிறவன். எட்டாவது வரை படித்தவன் என்பதால் இங்கிலீஷ் அவன் பொறுப்பு. முதல் வெள்ளிக்கிழமை அவன் ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"ரி...லாக்ஸ். ரிலாக்ஸுன்னு போட்ருக்கு மாப்ளே."

"அப்படின்னா?"

"ஓய்வு எடுத்துக்கன்னு அர்த்தம்."

"ஓடுறப்பவா?"

"வெள்ளக்காரன் ஓடிக்கிட்டே தூங்குவான் போல. நமக்கென்ன தெரியும்?"

சுவருக்கு இந்தப்பக்கமிருந்து கமர்ஜஹான் கேட்டாள்: "அந்தப் படத்த இப்பிடிக் காட்டுங்க."

காட்டினான். தோலில் அச்சை வைத்தால் எந்த ஓரம் ஒரு நெல்லளவு கோணல் என்று சொல்லும் கண் அவளுக்கு. அத்தா பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. "மொகத்தப் பாருங்க மச்சான். தாடை தொங்குது. கை விரலப் பாருங்க, மூடாம கோழிக்குஞ்சப் புடிச்ச மாதிரி வச்சிருக்கான். நீங்க பல்லக் கடிச்சுக்கிட்டு, கைய முறுக்கிக்கிட்டு ஓடுறீக. அது பூரா வீணா போற பலம். அதத்தான் சொல்றான்."

மரியசெல்வம் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எட்டாவது படிச்சது நானு. வாசிக்கிறது நீயா?"

அன்றிலிருந்து அவள்தான் பார்க்கிறவள். அவன் ஓடுவான், அவள் படத்தையும் அவனையும் ஒப்பிட்டுச் சொல்வாள். கோட்டுக்குப் பின்னால் பழைய வழிக்கும் கத்தியால் இரண்டு குழி தோண்டுவார்கள். முன்கால் குழி கோட்டிலிருந்து இரண்டு சாண், பின்கால் குழி அதற்கும் பின்னால். குழிக்குள் விரலும் முன்பாதமும் மட்டும் அழுந்த வேண்டும். கைகள் கோட்டை ஒட்டி. 'ரெடி' என்றால் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே எழ வேண்டும். அதிகம் எழுந்தால் மூக்கு மண்ணில் விழும், எழாவிட்டால் தவளை மாதிரி மேலே துள்ளத்தான் முடியும். கை தட்டியதும் துள்ளக் கூடாது, தரையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முதல் பதினைந்து கஜமும் சாய்ந்தபடியே போய், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர வேண்டும். கைகள் மார்புக்குக் குறுக்கே ஆடாமல் இடுப்பிலிருந்து தாடைவரை முன்னும் பின்னும் போக வேண்டும்.

"இடுப்பு ரெண்டு விரக்கடை கூடுதல் மச்சான்."

"கொறச்சுட்டேன்."

"இப்பக் கொறஞ்சு போச்சு. படம் வேற, நீங்க வேற."

"ஏ கமரு, ஒங்க அத்தா செருப்புக்குக் கூட இம்புட்டுக் கொற சொல்ல மாட்ட."

"செருப்பு திருப்பிப் பேசாதுல்ல."

முதலில் ஒரு தப்புச் செய்தார்கள். நிறைய ஓடினால் நிறைய வேகம் வரும் என்று நினைத்து ஒரே மூச்சில் இருபது தடவை ஓடினான். ஒரு மாசத்தில் மாட்டு வண்டி மாதிரி ஆகிவிட்டான். காரணத்தைக் கண்டுபிடித்ததும் கமர்ஜஹான்தான். பட்டைத் தூள் மேல் பதிந்த காலடிகளை அவள் சுவரிலிருந்து பார்த்தாள். முதல் நாலு ஓட்டத்திலும் விரலும் முன்பாதமும் மட்டும் பதிந்திருந்தன. ஐந்தாவதில் லேசாகக் குதிகால் தெரிந்தது. பத்தாவதில் முழுப் பாதமும் கிடந்தது. குதிகால் தரையைத் தொட்டால் அந்த நொடிக்கு ஓட்டம் நின்று மறுபடி கிளம்புகிறது, அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் சட்டம் ஒன்றே. ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மரியசெல்வம் ஒரு பீடி முழுதாகக் குடித்து முடிக்க வேண்டும்; மூச்சு அடங்க அவ்வளவு நேரம். தூளில் குதிகால் தடம் விழுந்தால் அன்றைக்கு அதோடு சரி. ஓட்டமெல்லாம் வெறுங்காலில்தான்.

மரியசெல்வம் பத்துக் கஜம் முன்னால் நின்று ஓடுவான், களத்தின் கோடியில் இருந்த வேப்பமரத்தை எட்டுவதற்குள் நைனா அவனைப் பிடிக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் பதினைந்து கஜம் முன்னால் நின்றாலும் பிடித்துவிட்டான்.

1957 பொங்கல் சமயத்தில் திண்டுக்கல்லில் ஓட்டப் பந்தயம் நடந்தது. நூறு கஜத்தில் நைனா முதலாவது வந்தான், இரண்டாவது ஆளுக்கு நாலு கஜம் முன்னால். பார்க்க வந்தவர்களில் மதுரையில் ஒரு பஞ்சாலையின் விளையாட்டு அதிகாரி இருந்தார். வெறுங்காலோடு நின்ற நைனாவைக் கூப்பிட்டு, சித்திரை மாசம் மதுரையில் ஒரு தேர்வு ஓட்டம் வைப்பதாகவும், முதல் இரண்டு பேரை மில் அணிக்கு எடுத்து மில்லிலேயே நிரந்தர வேலை கொடுப்பதாகவும் சொன்னார். மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் கிடையாது என்பதையும் சொன்னார்.

மில் வேலை என்றால் நிழலில் வேலை. நைனா வீட்டுக்கு வந்து, கொல்லைச் சுவரருகே நின்று அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "கமரு, சுண்ணாம்புல இருந்து காலத் தூக்கிரலாம் போல" என்பதுதான்.

சங்கதி பேகம்பூரில் பரவியது. அதுவரை தகப்பனில்லாத சாப்புக் கூலி என்று ஏறெடுத்தும் பார்க்காத வீடுகளிலிருந்து நைனாவின் அம்மாவுக்குப் பலகாரம் வர ஆரம்பித்தது. பீர் முகமது உஷாரானார்.

"மில்லு வேலை கையில வந்தப்பறம் கேட்டா, கேக்குற எடத்துல நாம இருக்க மாட்டோம். இப்பவே பேசி முடிச்சிரு" என்று காதர் பீவியிடம் சொன்னார்.

"முறைப்பையன்தானே, எங்க போயிரப் போறான்? ஓடி முடிக்கட்டுமே."

"ஓடி முடிச்சா ஓடியே போயிருவான்டி."

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. கமர்ஜஹானுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிச்சயம் ஆன பெண் நிக்காஹ் முடியும்வரை மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம். மறுநாளே கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டாள். மரியசெல்வம்தான் கை தட்டினான். காலடிச் சத்தம் கேட்டது. இடுப்பு ரெண்டு விரக்கடை கூடிவிட்டது என்று அந்த முதல் மூன்று அடியின் தடுமாற்றத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. சொல்ல ஆளில்லை. மரியசெல்வத்துக்கு ஓடத் தெரியும், பார்க்கத் தெரியாது.

அதுகூடப் பெரிசில்லை. அவன் வேகத்துக்கு இரண்டு விரக்கடையைத் தாங்கியிருப்பான். பெரிசு அப்புறம் வந்தது.

பீர் முகமதுவின் மாப்பிள்ளை வெறுங்காலோடு மதுரையில் ஓடுவதா? ஊரில் நாலு பேர் கேலி பேசினார்கள். "செருப்புக்காரர் மருமகனுக்குச் செருப்பு இல்லையாம்" என்றார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளைச் சீராகத் தன் கையாலேயே ஓட்டக்காரர் பூட்ஸ் தைத்துப் போடுவது என்று தீர்மானித்தார். அந்தப் புத்தகத்தை நைனா வீட்டிலிருந்து வாங்கி வரச் செய்து, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் பூட்ஸின் பக்கவாட்டுத்தான் தெரிந்தது. அடியில் முன்பாதத்துக்கு ஆணிகள். அதைப் பூட்டுப் பட்டறையில் சொல்லிக் காலுக்கு ஆறு ஆணி அடித்து வாங்கினார். அதில் தப்பு இல்லை.

"இதப் பாரேன், குதியே வைக்கல" என்று காதர் பீவியிடம் காட்டிச் சிரித்தார். "தச்சவன் குதிய மறந்துட்டான் போல. குதி இல்லாத பூட்ஸா? பொம்பளப் புள்ள சப்பாத்து மாதிரி இருக்கு."

தைக்கிறவர்களில் தேர்ந்தவருக்குத்தான் இந்தத் தப்பு வரும். கற்றுக்குட்டியாக இருந்தால் படத்தில் உள்ளபடி தைத்திருப்பான். பீர் முகமது தன் பேருக்குத் தக்கபடி தைத்தார். அடிக்கு எருமைத்தோலில் முதுகுப் பாகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பரத்து வைத்தார். குதிகாலுக்கு மேலும் மூன்று பரத்து அடுக்கி, சுற்றிலும் இரட்டைத் தையல் ஓட்டினார். மெழுகு தேய்த்துப் பளபளப்பேற்றினார். மாப்பிள்ளைக்குப் போடுவது கையில் கனக்க வேண்டாமா? கனத்தது. ஒரு பூட்ஸைத் தூக்கிப் பார்த்த கமர்ஜஹான் குதியின் உயரத்தை விரலால் அளந்தாள்.

அத்தாவிடம் மாப்பிள்ளை பற்றி அவள் பேச முடியாது. அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, குதி வேண்டாம்னு அத்தாட்ட சொல்லுங்க."

"என்னது?"

"மச்சான் குதிய ஊண்டாம ஓடுறவரு. இது மூணு பரத்து ஒசரம். குதிதான் முதல்ல தரையில போயி விழும். அதோட இந்தக் கனம் அவருக்கு ஆகாது. வெறுங்காலே போதும்."

காதர் பீவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நிச்சயம் பண்ணின பொண்ணு மாப்பிள்ள காலப் பத்திப் பேசுறியா? எங்க கத்துக்கிட்ட இத? ஒங்க அத்தா நாப்பது வருசமா தைக்கிறாரு, அவருக்குக் குதி வைக்கத் தெரியாதுன்னு நான் போயிச் சொல்லணுமாக்கும்."

"ஓட்டம் போயிரும்மா."

"வாய மூடு. கேட்டா வெட்டிப் போட்ருவாரு."

ஓட்டத்துக்கு நாலு நாள் முன்னால், சொந்தக்காரர்களைக் கூட்டி, பூட்ஸைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஆம்பிளைகள் முன்கட்டில். பொம்பளைகள் திரைக்குப் பின்னால் உள்கட்டில். கமர்ஜஹான் திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தொடைமேல் காதர் பீவியின் கை இருந்தது.

நைனா பூட்ஸை மாட்டிக் கட்டினான். "நடந்து காட்டுங்க மாப்ளே" என்றார் பீர் முகமது. சிமிட்டித் தரையில் ஆணி கீறும் என்று சாக்கு விரித்திருந்தார்கள். அவன் எழுந்து, நடக்காமல், முழங்காலைத் தூக்கி அந்தச் சின்ன இடத்தில் நாலு அடி ஓட்டமாக வைத்தான். டக், டக், டக், டக். குதி. நாலு அடியிலும் முதலில் குதி.

"பிரமாதம்!" என்றார்கள் ஆம்பிளைகள்.

 நைனா திரைப் பக்கமாகத் திரும்பி, பொதுவாகக் கேட்பது போல, கொஞ்சம் உரக்கக் கேட்டான்: "எப்படி இருக்கு?"

இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஓட்டம் முடிந்தபிறகும் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அவன் கேட்ட அதே கேள்வி. கமர்ஜஹான் வாயைத் திறந்தாள். காதர் பீவியின் விரல்கள் தொடைச் சதையைத் திருகிப் பிடித்தன. பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள் ஒருத்தி, பெண் குரலை எழுப்பிவிடுவாளோ என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமர்ஜஹான் வாயை மூடிக்கொண்டாள்.

நைனா கொஞ்ச நேரம் காத்திருந்தான். கோணல் என்றால் அவள் சொல்லாமல் விட்டதே இல்லை. அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, "நல்லா இருக்கு மாமு" என்றான்.

மதுரையில் ஓட்டம் நடந்த அன்று சாயங்காலம் மரியசெல்வம் மட்டும் வாசலில் வந்து நின்றான்.

"என்னப்பா, மாப்பிள்ள எங்க?" என்று கேட்டார் பீர் முகமது.

"அவன் வீட்டுக்குப் போயிட்டான் பாய். மூணாவது."

கதவுக்குப் பின்னால் கமர்ஜஹான் நின்றாள்.

"மூணாவதுன்னா?"

"மூணாவதுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் பாய். ரெண்டாவது ஆளுக்கும் இவனுக்கும் ஒரு மொழம். ஒரே மொழம். குழிக்குள்ள பின்னங்காலு குதி இடிச்சுக்கிட்டு நிக்குது, வெளிய வரவே ஒரு நொடி பிந்திட்டான். அப்பறம் விரட்டிப் புடிச்சுக்கிட்டுதான் வந்தான். கடைசி இருபது கஜத்துல ரெண்டு காலும் கல்லக் கட்டுன மாதிரி ஆகிப்போச்சு."

"காலுல வேகமில்லன்னு சொல்லு."

மரியசெல்வத்துக்குக் கோபம் வந்தது. "ஓட்டத்துக்கு முந்தி நானே சொன்னேன் பாய், கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்காலோட ஓடுடான்னு. 'மாமு குடுத்த சீரு. கழட்டிட்டு ஓடிச் செயிச்சா அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்'னு கேக்குறான். செயிச்சாக்கூட தப்பாம்!"

"அந்த பூட்ஸு இல்லாட்டி ஆறாவது வந்திருப்பான்" என்றார் பீர் முகமது. உள்ளே போய்க் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

கொடுத்த வார்த்தையை அவர் மாற்றவில்லை; அதையும் சொல்ல வேண்டும். மாற்றினால் ஊர் பேசும். ஆவணியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் நைனா அந்தப் பூட்ஸைத்தான், ஆணியைப் பிடுங்கிவிட்டு, போட்டுக்கொண்டு வந்தான். திங்கட்கிழமை மறுபடி சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனான். மில் அதிகாரி அடுத்த வருஷம் வேறு யாரையும் எடுக்கவில்லை. பீர் முகமது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம கையால பூட்ஸு தச்சுப் போட்டேன், ராசா மாதிரி, ஓடத் துப்பில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது நைனாவின் காதுக்கும் வந்தது. அவன் ஒரு இடத்திலும் பூட்ஸைப் பழிக்கவில்லை. மாமனாரை எங்கே பார்த்தாலும் சலாம் சொன்னான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மடியில் எட்டு மாசக் குழந்தை நசீம் பானுவை வைத்துக்கொண்டு கமர்ஜஹான் பரிமாறினாள். அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்:

"அன்னிக்கு நான் கேட்டேன்ல, எப்படி இருக்குன்னு."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "கேட்டீக."

"யாரக் கேட்டேன்?"

"என்னத்தான்."

"சத்தம் கேட்டுச்சா ஒனக்கு?"

"கேட்டுச்சு. குதிதான் முதல்ல விழுந்துச்சு. தைக்கிறப்பவே தெரியும். அம்மாட்ட சொன்னேன்."

"மாமிட்ட சொன்ன."

"ஆமா."

அவன் இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டான். "நீ பேச வேணாம் புள்ள. பேசுனா தப்பு, எனக்குத் தெரியாதா? ஒரு இருமல் இருமியிருக்கலாம். கைய ஓங்கித் தரையில ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேன். ஏதாவது சாக்குச் சொல்லி அங்கயே கழட்டியிருப்பேன்."

"அம்மா தொடையக் கிள்ளிப் புடிச்சிருந்தாங்க."

"கிள்ளத்தான செஞ்சாங்க."

  ஒரு இருமல் என்ற வழி கமர்ஜஹானுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அவன் நம்ப மாட்டான். அவளுக்குத் தோன்றாதது என்று ஒன்று இருப்பதை அவன் நம்பியதே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கு அவன் கேட்டு, காத்திருந்து, பூட்ஸோடு மதுரைக்குப் போனான்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுக் குறைந்தது. சண்டை கிடையாது, கை நீட்டியது கிடையாது. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். அவளைக் 'கமரு' என்று கூப்பிடுவது நின்றுபோய், 'இந்தா' என்றானது. அவன் பாதம் வெடிக்க ஆரம்பித்தது. மாமனார் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார், வாங்கித் தடவிக்கொண்டான்.

1961-இல் பக்கத்துத் தெரு இளவட்டங்கள் நாலு பேர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, குழியில கால் வைக்கிறது எப்படின்னு செத்த நேரம் சொல்லிக் குடுங்கண்ணே. நீங்க பஸ்ஸையே முந்துனவராமே."

"யாரு சொன்னா?" என்றான் நைனா.

"ஊரே சொல்லுதே."

"ஊருக்கு வேற வேல இல்ல. எனக்கு ஓடத் தெரியாது தம்பி. போங்க."

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த கமர்ஜஹானுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. முன்கால் குழி இரண்டு சாண். இடுப்பு தோளுக்குச் சற்று மேலே. தாடை தொங்க வேண்டும். ஒரு பீடி நேரம். யாராவது கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். அவளை யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பையன்கள் போனபிறகு அவள் சலித்த மாவையே மறுபடி சலித்தாள்.

பீர் முகமது 1963-இல் மவுத்தானார். கடைசிவரை அந்தப் பூட்ஸைத் தன் கைவேலையிலேயே சிறந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிய நாலு பேரில் நைனாவும் ஒருவன். அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்தபிறகு, வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினான். தலாக் என்று ஒன்றும் சொல்லவில்லை. நீயும் வா என்றும் சொல்லவில்லை. கமர்ஜஹானும் கேட்கவில்லை.

மாசாமாசம் மணியார்டர் வருகிறது. இரண்டு பெருநாளுக்கும் வந்து, இரண்டு நாள் இருந்து, மகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

நைனா முகமது இப்போது வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் உப்புத் தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறான். மண்டியிலேயே தங்கிக்கொள்கிறான்.